டிராகுலா லண்டனுக்குச் சென்றது மினாவுக்காகவா?

காட்டேரிப் பிரபு டிராகுலாவை இயக்குவது காதலா பசியா, அவனை வேட்டையாடும் ஆண்களோடு அவனுக்குள்ள பகை எதைப் பற்றியது என்று கேட்டிருக்கிறீர்கள். அவனுடைய இறந்துபோன மனைவியின் மறுபிறவியே கதையின் நாயகி மினா, அவளைத் தேடித்தான் அவன் லண்டனுக்கு வருகிறான் என்ற விளக்கத்தையும் சேர்த்திருக்கிறீர்கள். அந்த விளக்கம் 1992-இல் வெளியான கொப்போலாவின் திரைப்படத்துக்குப் பொருந்தும். பிராம் ஸ்டோக்கர் 1897-இல் வெளியிட்ட நாவலில் அப்படியொரு மனைவியும் இல்லை, மறுபிறவியும் இல்லை. நானும் படத்தைப் பார்த்த பிறகே நாவலைப் படித்தேன். அந்தக் காதல் எந்த அத்தியாயத்தில் வரும் என்று தேடிக்கொண்டே படித்த எனக்கு, அதைவிட அழுத்தமான ஒரு காரணம் தொடக்கத்திலேயே கிடைத்தது.

டிராகுலாவின் கோட்டையில் தங்கியிருக்கும் இளம் வழக்கறிஞனும் மினாவை மணக்க இருப்பவனுமான ஜோனதன் ஹார்க்கர் ஒருநாள் தன் அறைக்குத் திரும்பும்போது, பிரபுவே தனக்குப் படுக்கை விரித்துக்கொண்டிருப்பதைக் காண்கிறான். பின்னர், பிரபு சாப்பாட்டு மேசையை ஒழுங்குபடுத்துவதையும் கதவின் கீல் இடுக்கு வழியே பார்க்கிறான். கோட்டைக்குள் வேலைக்காரர் ஒருவரும் இல்லை என்பதும், முதல் நாள் இரவில் தன்னை அழைத்துவந்த வண்டியோட்டியும் பிரபுவாகவே இருக்க வேண்டும் என்பதும் அப்போதுதான் அவனுக்கு உறைக்கின்றன. ஹார்க்கருக்கு அதனால் அச்சம்தான் மிகுகிறது. எனக்கோ டிராகுலாவின் மனம் முழுவதும் அந்தக் காட்சியில் திறந்துகொள்வதாகத் தோன்றுகிறது. துருக்கியரை எதிர்த்துப் போரிட்ட தன் குலத்தின் பெருமையை இரவெல்லாம் அமர்ந்து சொல்பவன், அரசனைப் போல ‘நாங்கள்’ என்றே பேசுபவன், விருந்தாளியின் படுக்கையைத் தன் கையால் விரிக்கும் நிலைக்கு வந்திருக்கிறான்.

லண்டனைப் பற்றி அவன் சொல்வதையும் இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அந்த மாநகரின் நெரிசலுக்குள் கலந்து, அதன் வாழ்விலும் மாற்றத்திலும் மரணத்திலும் பங்குகொள்ள வேண்டும் என்கிறான். இங்கே தன்னை எல்லோரும் அறிவார்கள், அந்நிய நாட்டில் தான் யாருமில்லை என்று வருந்துகிறான். நெடுங்காலம் எசமானனாகவே இருந்துவிட்டதால் இனியும் அப்படியே இருக்க வேண்டும், குறைந்தபட்சம் வேறெவரும் தனக்கு எசமானன் ஆகிவிடக் கூடாது என்று தன் வாயாலேயே சொல்கிறான். அதற்காக அவன் செய்யும் ஆயத்தங்கள் ஒரு படையெடுப்புக்கு உரியவை: லண்டன் முகவரி நூல்களைச் சேர்க்கிறான், ஆங்கில உச்சரிப்பைத் திருத்திக்கொள்ள ஹார்க்கரைப் பேச வைக்கிறான், 50 பெட்டிகளில் சொந்த மண்ணைக் கப்பலேற்றுகிறான். ஒரு மாலையில் அவன் சாய்விருக்கையில் படுத்தபடி ஆங்கில ரயில் கால அட்டவணையைப் படித்துக்கொண்டிருப்பதை ஹார்க்கர் பார்க்கும் இடம் எத்தனை முறை படித்தாலும் என்னை நடுங்க வைக்கிறது.

காதல் கட்சியினர் வழக்கமாகக் காட்டும் சான்று ஒன்று உண்டு. கோட்டையிலுள்ள மூன்று பெண்கள் ஹார்க்கரை நெருங்கும்போது, இவன் எனக்கு உரியவன் என்று டிராகுலா அவர்களை விரட்டுகிறான். நீ ஒருபோதும் காதலித்ததில்லை என்று அவர்களில் ஒருத்தி பழிக்க, தன்னாலும் காதலிக்க முடியும், அதைக் கடந்தகாலத்திலிருந்து நீங்களே அறிவீர்கள் என்று மெல்லிய குரலில் பதில் சொல்கிறான். அழகான வரிதான். ஆனால் சற்று நேரத்திலேயே, உயிருள்ள குழந்தை இருக்கும் பை ஒன்றை அந்தப் பெண்களுக்கு இரையாகத் தருகிறான். அந்தக் காட்சி முழுவதிலும் செயலாக வெளிப்படுவது உடைமை உணர்வு ஒன்றுதான்.

ஆண்களோடு அவன் கொள்ளும் பகையும் அதே உணர்விலிருந்துதான் வருகிறது. மினாவின் தோழி லூசியை மணக்க ஒரே நாளில் மூவர் கேட்கிறார்கள். பிறகு அந்த மூவரும் அவளுக்குச் சிகிச்சை செய்ய வரும் பேராசிரியர் வான் ஹெல்சிங்கும் அவளைக் காக்கத் தங்கள் இரத்தத்தைத் தருகிறார்கள். அந்த நால்வரின் இரத்தத்தையும் டிராகுலா அவள் வழியாகக் குடித்துத் தீர்க்கிறான். நீங்கள் நேசிக்கும் பெண்கள் ஏற்கெனவே என்னுடையவர்கள், அவர்கள் வழியே நீங்களும் என்னுடையவர்கள் ஆவீர்கள் என்று பின்னர் அவன் ஆண்களிடம் முழங்குவது ஏறத்தாழ அதன் விளக்கவுரையே. மினாவிடமும் அவன் காதல் பேசவில்லை. பல தேசங்களை ஆண்ட தன்னை எதிர்த்து அறிவுப்போர் நடத்தியவர்களுக்கு அவள் துணைநின்றாள், அதற்கு இது தண்டனை என்று சொல்லித்தான் தன் இரத்தத்தைக் குடிக்க வைக்கிறான். அவள் செய்த குற்றம் எல்லோருடைய நாட்குறிப்புகளையும் தட்டச்சுச் செய்து வரிசைப்படுத்தியது. அதே இரவில் அவன் அந்தக் காகிதங்களையும் ஒலிப்பதிவு உருளைகளையும் தீயில் எறிகிறான். பெட்டகத்தில் இன்னொரு படி இருப்பது அவனுக்குத் தெரியாது.

பசியும் நேசமும் பிரிக்க முடியாமல் பின்னிக்கிடக்கும் காட்டேரியைத் தேடுவீர்களானால், லெ ஃபானு 1872-இல் நூலாக வெளியிட்ட கதையின் கார்மில்லாதான் அதற்கு உரியவள். டிராகுலாவிடம் அதைத் தேடுவது அவனுக்கும் அநீதி என்றே நினைக்கிறேன்.

ஒன்றை மட்டும் மறுதரப்புக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். நாம் டிராகுலாவைப் பற்றி அறிவதெல்லாம் பெரும்பாலும் அவனுடைய எதிரிகள் எழுதிவைத்தவை. அவனுடைய நாட்குறிப்பு என்று எதுவும் நாவலில் இல்லை. இதனால் எவ்வளவு மாறும் என்பதற்கு ஆன் ரைஸின் நாவல்களில் வரும் காட்டேரி லெஸ்டாட் உதாரணம்: 1976-இல் வந்த நாவலில் லூயி என்ற இன்னொரு காட்டேரியின் வாய்மொழியில் கொடூரனாக வருபவன், 1985-இல் வந்த நாவலில் தன் கதையைத் தானே சொல்லும்போது வேறொருவனாகத் தெரிகிறான். டிராகுலாவுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஆயினும் நாவலுக்குள் ஒரு குரல் அவனுக்காக எழுகிறது. இத்தனை துயரையும் விளைவித்த அந்த ஆன்மாவின் நிலைதான் எல்லாவற்றிலும் மிகவும் பரிதாபமானது என்று, அவனைக் கொல்லத் துடிக்கும் ஆண்கள் நடுவே ஒருத்தி இரக்கம் கோருகிறாள். இறுதியில் அவன் முகத்தில் தோன்றிய அமைதியைப் பார்த்து எழுதிவைப்பவளும் அவளே. அவள் மினா.