பழைய தேக்கு அலுமாரியில் ஸ்டெயின் ஏன் திட்டுத் திட்டாகப் பிடிக்கிறது?

கல்லடி வீட்டில் அம்மம்மாவின் தேக்கு அலுமாரிக்கு நீங்களே ஸ்டெயின் பூசினீங்க, ஒரு பக்கம் கறுத்து மறுபக்கம் வெளிறிக் கிடக்குது என்று கேட்டிருக்கிறீங்க. அநேகமாகப் பழைய வார்னிஷ் முழுதாகக் கழரவில்லை. ஸ்டெயின் மரத்துக்குள் இறங்க வேண்டிய சாயம். வார்னிஷ் மிச்சமுள்ள இடத்தில் மேலேயே நின்றுவிடும்.

120 நம்பர் சாண்ட் பேப்பரில் தொடங்கி 180, 220 என்று மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே உரஞ்சுங்க. குறுக்கே இழுத்த கீறல் அப்போது கண்ணுக்குத் தெரியாது. ஸ்டெயின் பட்டதும் கறுப்புக் கோடாக எழும்பி நிற்கும். என் குசினிக் கதவொன்றில் இன்னும் நிற்கிறது. பிறகு டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்துப் பாருங்க, பழைய வார்னிஷ் உள்ள இடம் மினுங்கிக் காட்டிக்கொடுக்கும்.

ஸ்டெயினைப் பூசி 5, 10 நிமிடத்தில் மிச்சத்தைத் துடைத்தெடுங்க. பலகையின் வெட்டுமுனை அதிகம் குடிக்கும், அங்கே கொஞ்சமாக. எண்ணெய் ஸ்டெயின் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீங்க! தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். வெளியே விரித்துக் காயவிடுங்க.

ஸ்டெயின் காய்ந்த பிறகு மேலே புது வார்னிஷ். டின்னைக் குலுக்கினால் குமிழி வரும், மெதுவாகக் கிளறினால் போதும். மெல்லிசாக 3 பூச்சு, இடையில் 320 நம்பரால் இலேசாக ஒரு உரஞ்சல்.

மாரி மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம், நாள்கணக்கில் விரல் ஒட்டும். தென்மேற்கிலிருந்து வறண்டு வீசும் கச்சான் காற்றுக்குச் சீக்கிரம் காயும்தான், ஆனால் மணலையும் கொண்டுவந்து அப்பிவிடும். நான் விடியற்காலையில், காற்று எழும்ப முதலே, பூசி முடித்துவிடுவேன்.