குடையைப் பிடித்துக்கொண்டு உயரத்தில் இருந்து குதித்தால் பாராசூட் போல மெல்ல இறங்க முடியுமா?

முடியாது. இதைப் படித்துச் சொல்லவில்லை, குதித்துப் பார்த்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

ஆறாம் வகுப்பில் நடந்தது. பாலக்கோடு பக்கம் எங்கள் கொல்லையில், கிணற்று மேட்டில் ஒரு மோட்டார் ரூம் உண்டு. தளம் போட்டது, பத்தடி உயரம். தாத்தாவின் பெரிய கறுப்புக் குடையோடு அதன் மேல் ஏறினேன். கீழே உழுது போட்ட மண். சித்தப்பா மகன் ஒன்று, இரண்டு என்று எண்ணினான். 'மூன்று' அவன் வாயில் முடிவதற்குள் நான் தரையில் இருந்தேன். இடது கணுக்கால் பிசகி வீங்கிவிட்டது. குடையின் கம்பியெல்லாம் மேலே திரும்பித் தாமரை மாதிரி ஆகிவிட்டது. ஓடி வந்த தாத்தா முதலில் தூக்கிப் பார்த்தது குடையைத்தான்.

காற்றெல்லாம் சும்மா, பாராசூட்டுக்குள் ஏதோ மோட்டார் வைத்திருப்பார்கள் என்றுதான் அன்று முடிவு கட்டினேன். அது தப்பு என்று புரிய டிப்ளமோ வரை போக வேண்டியிருந்தது. காற்று அன்றைக்கும் தன் வேலையைச் செய்யத்தான் செய்தது. நான் அதற்கு நேரமும் கொடுக்கவில்லை, போதுமான துணியும் கொடுக்கவில்லை.

விழுகிற பொருளைக் காற்று எவ்வளவு பலமாகத் தடுக்கும் என்பது அதன் குறுக்குப் பரப்பையும் வடிவத்தையும் வேகத்தையும் பொறுத்தது. இதில் வேகம்தான் விசேஷம். வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்காகும். ஒரு நொடியில் இரண்டு மடங்கு காற்றை ஒதுக்க வேண்டும், அதையும் இரண்டு மடங்கு வேகத்தில் ஒதுக்க வேண்டும், அதனால். கிருஷ்ணகிரியில் இருந்து ஓசூருக்கு பைக்கில் போகிறவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். 40-ல் போனால் சட்டை படபடக்கும், அவ்வளவுதான். 80-ல் போனால் யாரோ நெஞ்சில் கை வைத்துப் பின்னால் தள்ளுவது போல இருக்கும்.

குதித்த நொடியில் வேகம் இல்லை, அதனால் தடையும் இல்லை. வேகம் ஏற ஏறத் தடை ஏறும். ஒரு கட்டத்தில் தடை நம் எடைக்குச் சமமாகிவிடும். அதற்கு மேல் வேகம் ஏறாது. பள்ளிப் புத்தகத்தில் இதற்கு முற்றுத் திசைவேகம் என்று பெயர். மழை நம்மைக் கொல்லாமல் இருப்பது இதனால்தான். காற்றே இல்லாவிட்டால் இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் இருந்து விழும் துளி மணிக்கு 700 கி.மீ. வேகத்தில் வந்து இறங்கும், ஓட்டு வீட்டில் ஒரு ஓடு மிஞ்சாது. நிஜத்தில் நல்ல பெரிய துளியே நொடிக்கு 9 மீட்டரைத் தாண்டுவது அரிது.

சரி, என் கணக்குக்கு வருவோம். அப்போது என் எடை 30 கிலோ என்று வையுங்கள். குடை ஒரு மீட்டர் அகலம். ஒரு வடிவம் காற்றை எவ்வளவு தடுக்கும் என்பதற்கான அளவு தடை எண்; கவிழ்த்த கிண்ணம் போன்ற வடிவத்துக்கு அது ஏறக்குறைய 1.3. இதையெல்லாம் போட்டால் முற்றுத் திசைவேகம் நொடிக்கு 22 மீட்டர் வருகிறது. அதாவது மணிக்கு 79 கி.மீ. வேகத்தை எட்டினால்தான் அந்தக் குடை என்னை முழுசாகத் தாங்கும்! பத்தடியில் அவ்வளவு வேகம் வரவே வராது. குடை இல்லாமல் குதித்திருந்தால் நொடிக்கு 7.7 மீட்டர் வேகத்தில் மண்ணைத் தொட்டிருப்பேன். குடையோடு 7.5. இந்த 0.2 மீட்டருக்காகத்தான் தாத்தாவிடம் அவ்வளவு திட்டு வாங்கினேன். கடைசி நேரத்தில் குடையைக் காற்று தள்ளிய விசை சுமார் மூன்றரை கிலோ எடைக்குச் சமம். என்னைத் தாங்கத் தேவையானதில் அது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான், ஆனால் அந்தக் கம்பிகளைத் திருப்ப அதுவே போதுமானதாக இருந்தது.

எங்கள் வீட்டில் இந்த விஷயம் நன்றாகத் தெரிந்த ஆள் ஆயாதான், அவருக்கு ஒரு சூத்திரமும் தெரியாது என்றாலும். ராகி அடித்து முடித்ததும் களத்தில் காற்று எழும்பும் வரை உட்கார்ந்திருப்பார். எழும்பியதும் கூடையைத் தலைக்கு மேல் தூக்கி, லேசாக ஆட்டி ஆட்டிக் கொட்டுவார். மணி நேராகக் காலடியில் குவியும், பதரும் தூசியும் நாலடி தள்ளிப் போய் விழும். இரண்டுமே ஒரே உயரத்தில் இருந்து ஒரே காற்றில்தான் விழுகின்றன. பதருக்கு எடையைவிடப் பரப்பு அதிகம். அது மெதுவாக இறங்குகிறது, இறங்கும் நேரமெல்லாம் காற்று அதை நகர்த்திக்கொண்டே இருக்கிறது. கூடையைத் தலைக்கு மேல் தூக்குவது ஏன் என்றால், பிரிவதற்கு நேரம் வேண்டும். இடுப்பு உயரத்தில் பிடித்தால் பாதிப் பதர் மணியோடு சேர்ந்தே விழும்.

எங்கள் எண்பதடிக் கிணற்றில் எறும்பு விழுந்தால் அடிபடாது, அதுவும் இதே கணக்குதான். ஒரு பொருளின் நீள அகல உயரத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் பரப்பு நூறில் ஒன்றாகும், எடையோ ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். சின்ன உயிருக்கு அதன் உடம்பே பாராசூட்.

நமக்குத்தான் தனியாகத் துணி வேண்டும். ஆளும் சாமானுமாக 100 கிலோ இருந்தால், எட்டு மீட்டர் அகலத்தில், 50 சதுர மீட்டர் பாராசூட் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் இறக்கும். அதுவும் நாலடித் திண்ணையில் இருந்து குதித்த மாதிரிதான் இருக்கும், பூப்போல என்று நினைக்க வேண்டாம். முப்பது கிலோ எடையுள்ள நான் அந்த வேகத்தில் இறங்க ஏறக்குறைய 14 அடி அகலக் குடை தேவைப்பட்டிருக்கும். வேடிக்கை என்னவென்றால், 1783-ல் பிரான்சில் லெனோர்மான் என்பவர் முதலில் இரண்டு குடைகளோடு மரத்தில் இருந்து குதித்துப் பார்த்திருக்கிறார். அப்புறம் மோன்பெல்லியே நகரத்துக் கோபுரத்தில் இருந்து குதித்தபோது அவர் எடுத்துக்கொண்டது 14 அடி அகலப் பாராசூட். இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. என் புத்தி சரியாகத்தான் போயிருக்கிறது, சைஸில்தான் கோட்டை விட்டிருக்கிறேன்.

காற்றே இல்லாத இடத்தில் எவ்வளவு பெரிய துணியும் வீண். 2023 ஆகஸ்டில் நிலவில் இறங்கிய விக்ரம் லேண்டர் பாராசூட்டே இல்லாமல், இறங்கும் வழியெல்லாம் என்ஜினை எரித்துத்தான் வேகத்தைக் குறைத்தது.

'பத்தடி போதாது என்றால் நூறடியில் இருந்து குதித்தால் குடைக்கு நேரம் கிடைக்குமே?' என்று யாராவது கமெண்டில் கேட்பீர்கள் என்று தெரியும். கிடைக்கும். அதே 30 கிலோவுக்குக் கணக்குப் போட்டேன்: குடை இல்லாமல் மணிக்கு 88 கி.மீ., குடையோடு 66 கி.மீ. ஓடுகிற பஸ்ஸில் இருந்து ரோட்டில் விழுகிற வேகம். அதுவும் குடை அதுவரை குடையாகவே இருந்தால். எங்கள் தாத்தாவின் குடை பத்தடியிலேயே தாமரையாகிவிட்டது.