டூப்ளிகேட் ஷூவில் போனது 1,799; கார்டு வட்டியில் போவது மாதம் 2,600

கேள்வி: சேலத்தில் வசிக்கிறோம். கணவரும் நானும் வேலைக்குப் போகிறோம். கைக்கு வருவது மாதம் 52,000 ரூபாய். 'கடை காலி செய்கிறோம், 80% தள்ளுபடி' என்று இன்ஸ்டாகிராமில் வந்த விளம்பரத்தைப் பார்த்து, மகனுக்கு பிராண்டட் ஷூ ஒன்றுக்கு 1,799 ரூபாயை யுபிஐயில் கட்டினேன். வந்தது டூப்ளிகேட். ஒரே வாரத்தில் சோல் பிரிந்துவிட்டது. கூகுளில் கிடைத்த கஸ்டமர் கேர் எண்ணை அழைத்தேன். ரீஃபண்ட் தருவதாகச் சொல்லி ஒரு செயலியை இறக்க வைத்து, கணக்கிலிருந்து 9,500 ரூபாயை எடுத்துவிட்டார்கள். பத்து நாளாகிறது. கிரெடிட் கார்டில் வேறு 64,000 பாக்கி. அதில் முக்கால்வாசி, தள்ளுபடி விற்பனையில் எடுத்த துணிமணிக்கானது. மினிமம் டியூ தவறாமல் கட்டிவருகிறேன். நாத்தனார் பையன் 'ஃபர்ஸ்ட் காப்பி' ஷூ வாங்கி விற்கப் போகிறானாம். என் கார்டில் 40,000 ரூபாய்க்குச் சரக்கு எடுத்துக் கொடுத்தால் லாபத்தில் பாதி தருகிறேன், கார்டு கடனை அடைத்துவிடலாம் என்கிறான். போலியில் ஏமாறாமல் வாங்குவது எப்படி? அவனுக்கு உதவலாமா?

பதில்: சகோதரி, ஷூவிலும் ரீஃபண்டிலும் போனது ஒருமுறை போன பணம். மாதாமாதம் போய்க்கொண்டிருக்கும் பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. 'மினிமம் டியூ தவறாமல் கட்டிவருகிறேன்' என்று அதை ஒரு நல்ல பழக்கம்போல எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவது அந்த வரிதான்.

பெரும்பாலான கார்டுகளில் வட்டி மாதத்துக்கு 3.5 சதவீதத்தை ஒட்டி இருக்கும். 64,000 ரூபாய்க்கு அது 2,240. வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 400 ரூபாய் சொச்சம். ஆக 2,640. மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகையான மினிமம் டியூ 5 சதவீதம் என்றால் நீங்கள் கட்டுவது 3,200. அசலில் கழிவது 560 ரூபாய். அதே மாதம் 599 ரூபாய்க்கு ஒரு குர்த்தி எடுத்தால் கழிந்ததும் போய்விட்டது. பாக்கி வைத்திருக்கும் கார்டில் புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாத நாட்கள் கிடையாது. வாங்கிய அன்றே வட்டி ஓடத் தொடங்கும். அந்த 599 ரூபாய்க் குர்த்திக்கு மாதம் 25 ரூபாய் வட்டி. ஒரு வருடம் இழுத்தால் விலை 900. நீங்கள் பார்த்த தள்ளுபடியை வங்கி திரும்ப வாங்கிக்கொள்கிறது.

ஆகவே இந்த வாரமே வங்கியை அழைத்து, மொத்த பாக்கியையும் இஎம்ஐயாக மாற்றச் சொல்லுங்கள். 16 சதவீத வட்டியில் 18 மாதம் என்றால் ஜிஎஸ்டியோடு மாதம் 4,100 ரூபாய் அளவுக்கு வரும். இப்போது கட்டுவதைவிட 900 ரூபாய்தான் கூடுதல்; ஆனால் இது ஒன்றரை வருடத்தில் முடியும் கடன். பிராசஸிங் கட்டணம் எவ்வளவு, முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றியபின் அந்தக் கார்டில் எதுவும் வாங்கக் கூடாது. ஷாப்பிங் செயலிகளில் சேமித்திருக்கும் கார்டு விவரத்தை அழித்துவிடுங்கள்.

அதற்குப் பதில் 'பே லேட்டர்', 'நோ காஸ்ட் இஎம்ஐ' பக்கம் போய்விடாதீர்கள். பூஜ்ய வட்டி என்று ஒன்று இல்லை என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடியை மறைத்துவைத்தோ, பிராசஸிங் கட்டணமாகவோ அந்த வட்டியை வாங்கிவிடுவார்கள்.

நாத்தனார் பையன் விஷயம். 'ஃபர்ஸ்ட் காப்பி' என்றால் போலிச் சரக்கு, வேறொன்றுமில்லை. வர்த்தகக் குறிகள் சட்டம் 1999-ன்படி அதை விற்பது குற்றம்: ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். சரக்குக்குப் பணம் போனது உங்கள் கார்டிலிருந்து என்றால் விசாரணை உங்கள் வீட்டுக்கும் வரும். சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் கணக்கு நிற்கவில்லை. ஜோடி 800 ரூபாய் வீதம் 50 ஜோடி எடுக்கிறான், 1,200-க்கு விற்கிறான் என்று வையுங்கள். ஷூ வியாபாரத்தில் 7, 8, 9 சைஸ் போகும். ஓரத்து சைஸ்கள் தேங்கும். 10 ஜோடி நின்றுவிட்டால் விற்று வருவது 48,000, அதாவது மிச்சம் 8,000. நண்பர்களுக்குக் கடனில் கொடுத்து வசூல் நாலு மாதம் இழுத்தால் கார்டு வட்டி மட்டும் 6,600. மீதி 1,400-ல் பாதி உங்களுக்கு. அதற்காகவா இந்த ஆபத்து? 'கார்டை இஎம்ஐயில் மாற்றிவிட்டேன், இனி அதில் எதுவும் வாங்க முடியாது' என்று சொல்லிவிடுங்கள். அது உண்மையும்கூட. நாத்தனாரிடம் இதை உங்கள் கணவர் பேசட்டும்.

9,500 ரூபாய்க்கு இன்னும் புகார் கொடுக்கவில்லை என்றால் இன்றே 1930-ஐ அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியுங்கள். 12 இலக்க யுபிஐ பரிவர்த்தனை எண், தேதி, நேரம், பேசிய எண் எல்லாம் கையில் இருக்கட்டும். வங்கிக்கும் எழுத்தில் புகார் போக வேண்டும். முதல் சில மணி நேரத்தில் சொல்லியிருந்தால் பணம் கைமாறுமுன் முடக்க வாய்ப்பு அதிகம். பத்து நாள் கழித்து நம்பிக்கை குறைவுதான், இருந்தாலும் புகார் எண் அவசியம். இறக்கிய செயலியை நீக்கி யுபிஐ பின்னை மாற்றுங்கள். நமக்குப் பணம் வருவதற்கு யுபிஐ பின் எண் தேவையே இல்லை. கஸ்டமர் கேர் எண்ணை பில்லிலிருந்தோ நிறுவனத்தின் சொந்தச் செயலியிலிருந்தோதான் எடுக்க வேண்டும்.

இனி, போலியைக் கண்டுபிடிப்பது. முதலில் கடையைப் பாருங்கள், பிறகு ஷூவை. இணையத்தில் விற்பவர் தன் சட்டபூர்வப் பெயர், முகவரி, குறைதீர் அலுவலர் விவரம் எல்லாம் போட வேண்டும் என்பது 2020-ம் ஆண்டு மின்வணிக விதி. புகாரை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்தில் தீர்க்கவும் வேண்டும். இந்த விவரம் இல்லாமல் வாட்ஸ்அப் எண் மட்டும் இருந்தால் மூடிவிடுங்கள். 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருந்தால் ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பாருங்கள். பெயர், பதிவான தேதி, ஊர் எல்லாம் வரும். முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. சென்னைக் கடை என்று சொல்லிவிட்டு எண் வேறு மாநிலத்தில் தொடங்கினால், பணம் கேட்கும் யுபிஐ கணக்கு தனிநபர் பெயரில் இருந்தால், வேண்டாம். தெரியாத கடைக்கு டெபிட் கார்டு யுபிஐயைவிட மேல்: பொருள் வராவிட்டாலோ போலி வந்தாலோ வங்கியில் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தைத் திருப்பித் தரும்படி, கேட்கலாம். கேஷ் ஆன் டெலிவரியை முழுப் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் பணம் வாங்கியபின்தான் பெட்டியைப் பிரிக்க விடுவார்கள்.

ஷூ கையில் வந்ததும், நாக்கின் உட்புறமுள்ள சைஸ் லேபிளில் இருக்கும் மாடல் எண் பெட்டியில் உள்ளதோடு பொருந்துகிறதா பாருங்கள். நைக்கி என்றால் எழுத்தும் இலக்கமுமாக ஆறு குறி, ஒரு கோடு, மூன்று இலக்கம். அந்த எண்ணைத் தேடினால் அதே மாடல், அதே நிறம் வர வேண்டும். வேறு ஷூ வந்தால் போலி. பொருந்தினால் மட்டும் அசல் என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் உண்மையான எண்ணையே அச்சடித்து ஒட்டுகிறார்கள். பிறகு சோல் ஒட்டிய விளிம்பு: பசை வழிந்திருக்கிறதா, நெடி அடிக்கிறதா, இரண்டு காலிலும் தையல் ஒரே அளவா. ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால் அதோடு உள்ள சிஎம்/எல் எண்ணை (உரிம எண்) இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் சரிபார்க்கலாம். பெட்டி பிரிப்பதை வீடியோ எடுத்துவையுங்கள். கடைக்காரர் மறுத்தால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்.

அசல் ஷூவிலும் ஒரு சிக்கல் உண்டு. பெட்டியில் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். பிராண்ட் கடையிலேயே 60 சதவீதம் குறைத்துத் தரும் ஷூ பல வருடப் பழசாக இருக்கலாம். பாலியூரித்தேன் சோல், போடாமல் வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்தில் உள்ளுக்குள் சிதையும். போட்ட மறுவாரம் பொடிப்பொடியாக உதிரும். மூன்று வருடத்துக்கு மேற்பட்ட தேதி என்றால் எவ்வளவு மலிவானாலும் எடுக்க வேண்டாம்.

துணிக்கு நீங்கள் செயலியைத் தேடிப் போகவே தேவையில்லை. திங்கள் இரவு தொடங்கி செவ்வாய் வரை நடக்கும் ஈரோட்டு ஜவுளிச் சந்தையும் திருப்பூர் காதர்பேட்டையும் சேலத்திலிருந்து போய்வரக்கூடிய தூரம்தான். அங்கேயும் 'எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்' (ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு) என்று போலி உண்டு. உண்மையான சர்ப்ளஸ் உடைந்த சைஸில்தான் வரும்: எக்ஸ்எல் இருக்கும், எம் இருக்காது, லேபிள் வெட்டியிருக்கும், எங்காவது சின்னத் தையல் பிசகு இருக்கும். எல்லா நிறமும் எல்லா சைஸும் பளபள டேக்கோடு அடுக்கியிருந்தால் அது சர்ப்ளஸ் இல்லை. வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து உள்பக்கத் தையலில் தேய்த்துப் பாருங்கள், சாயம் ஏறினால் வைத்துவிடுங்கள். தோள் தையலை இரண்டு விரலால் இழுத்துப் பாருங்கள். டி-ஷர்ட்டுக்கு 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) கேளுங்கள். 140-க்குக் கீழே போனால் துணி மெலிந்து உள்ளே தெரியும். மாதம் 1,500 ரூபாயை ரொக்கமாக எடுத்துக்கொண்டு போங்கள், கார்டை வீட்டில் வைத்துவிட்டு. சந்தையில் வாங்கியதை மாற்றித் தர மாட்டார்கள் என்பதால், மகனையும் கூட்டிப்போய் அளவு பார்த்தே எடுங்கள்.