மயில் காயுமா?

கேள்வி: ஆயில் பேஸ்டலில் மயில் வரைந்து ஆறு மாதம் ஆகிறது. தொட்டால் இன்னும் கையில் நீலம் ஒட்டுகிறது. காய வைக்க வழி உண்டா? ஹேர் ஸ்பிரே அடிக்கலாம் என்கிறார்களே, லாமினேஷன் செய்யலாமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: ஆறு மாதம் என்ன, ஆறு வருடம் போனாலும் உங்கள் மயில் முழுசாகக் காயாது. தவறு உங்களுடையது அல்ல. ஆயில் பெயின்டில் இருக்கும் ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டு இறுகிவிடும். ஆயில் பேஸ்டல் என்ற வண்ணக் குச்சியில் மெழுகோடு சேர்ப்பது இறுகாத மினரல் எண்ணெய்.

லாமினேஷன் வேண்டவே வேண்டாம். சொல்கிறவன் பட்டவன். வரையத் தொடங்கிய புதிதில் ஒரு தாமரைக்குளத்தை ஜெராக்ஸ் கடையில் கொடுத்தேன். சூட்டில் மெழுகு உருகி, இளஞ்சிவப்பு போய்ப் பச்சையில் கலந்து, குளம் சாம்பாராகத் திரும்பி வந்தது. ஹேர் ஸ்பிரே நாளடைவில் மஞ்சளிக்கும். பொடியாக உதிரும் சாக் பேஸ்டலுக்கு அடிக்கும் ஃபிக்ஸேட்டிவும் (நிறத்தைத் தாளில் பிடித்து வைக்கும் ஸ்பிரே) இதில் சரியாகப் பிடிக்காது. 1949-இல் பிக்காசோவுக்காக ஆயில் பேஸ்டல் தயாரித்த பிரான்ஸின் செனலியே, இதற்கென்றே தனி ஃபிக்ஸேட்டிவ் விற்கிறது. விலை கொஞ்சம் கடிக்கும். வாங்கினால் மயில் மேல் நேராக அடிக்காமல், வேறு தாளில் அதே நீலத்தைத் தேய்த்து அடித்துப் பாருங்கள்.

என்னைக் கேட்டால் கண்ணாடி பிரேம் போதும். ஆனால் கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. தொட்டால் தோகையின் நீலம் கண்ணாடிக்கு இடம் மாறிவிடும். பிரேம் கடையில் "நடுவில் மவுண்ட் வைங்க, கனமான அட்டையா" என்று கேட்டு வாங்குங்கள்; கண்ணாடியைப் படத்திலிருந்து தள்ளி வைக்கும் ஓர அட்டைதான் மவுண்ட். அவசரத்தில் மவுண்ட் இல்லாமலே அடித்துக் கொடுத்துவிடுவார்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். பிரேமுக்குள் போகும் முன், படத்தைச் செங்குத்தாகப் பிடித்துப் பின்பக்கம் மெல்லத் தட்டுங்கள். ஒட்டியிருக்கும் பேஸ்டல் துணுக்கை பிளேடு முனையால் நெம்பி எடுங்கள். விரலால் துடைத்தால் வெள்ளைத் தாளில் நீலக் கோடு விழும்.

அதுவரை மேலே பட்டர் பேப்பர் போட்டுப் படுக்க வையுங்கள். மேலே கனம் ஏற்றாதீர்கள். பீரோவின் மேல்தட்டு, வெயில் படும் சுவர் இரண்டும் ஆகாது. நம்மூர் மே மாதத்தில் பேஸ்டல் வெண்ணெய் மாதிரி இளகும்.

அப்புறம், படத்தைத் திருப்பிப் பாருங்கள். சார்ட் பேப்பர் என்றால் எண்ணெய்த் திட்டு தெரியும். அடுத்த மயிலுக்கு, எண்ணெய் தாளில் இறங்காமல் இருக்க, முதலில் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சை ஒரு கோட் பூசிவிடுங்கள்.