ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ்: முதலில் வாசல், அப்புறம் படை

கேள்வி: குள்ளர்களை வைத்துக் கோட்டை கட்டி நடத்தும் கணினி விளையாட்டான ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸில் என் கோட்டை இரண்டாம் ஆண்டைத் தாண்டுவதே இல்லை. ஒருமுறை மது தீர்ந்து எல்லா வேலையும் படுத்துவிட்டது. அடுத்த முறை எதிரிகளான கோப்ளின்கள் வந்தபோது, படையில் சேர்த்திருந்த குள்ளர்கள் ஆயுதமே இல்லாமல் எதிரே போய்ச் செத்தார்கள். எங்கே தவறுகிறேன்?

பதில்: நீங்கள் கேட்பது படையைப் பற்றி. ஆனாலும் வாசலிலிருந்து தொடங்குவதுதான் சரி. 7 பேரோடு தொடங்கும் கோட்டைக்கு முதல் ஆண்டில் வீரர்கள் தேவையில்லை. வேண்டியபோது மூடக்கூடிய ஒரே ஒரு வழி போதும். மலையைப் பல இடங்களில் குடைந்திருந்தால் ஒன்றை விட்டு மற்றவற்றைச் சுவர் வைத்து அடைத்துவிடுங்கள்.

அந்த ஒரு வழியில் கதவு வைக்காதீர்கள். கோப்ளின்களோடு வரும் ட்ரோல்கள் என்ற பெரிய அரக்கர்கள் கதவை உடைத்துவிடும். தூக்குப் பாலம் கட்டுங்கள். அகழி வெட்ட வேண்டியதில்லை, வெறும் தரையிலேயே கட்டலாம். தூக்கிவிட்டால் அது உடைக்க முடியாத சுவர். புதியவர்கள் தடுக்கி விழுவது திசையில்தான். கட்டும்போது கோட்டை இருக்கும் பக்கமாக எழும்படி திசையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உள்ளிழுக்கும் வகையைத் தேர்ந்தெடுத்தால் பாலம் மறையும், வழி திறந்தே கிடக்கும். அப்புறம் பாலத்தை இயக்கும் இழுபிடியான லீவர்: அதைக் கட்ட 1 மெக்கானிசம் (இயந்திரப் பாகம்), பாலத்தோடு இணைக்க இன்னும் 2. லீவரைச் சாப்பாட்டுக் கூடத்திலேயே வையுங்கள். யாராவது ஒரு குள்ளர் நடந்து போய் இழுத்தால்தான் பாலம் நகரும், இழுத்த பிறகும் சற்று நேரம் எடுக்கும். எதிரி வருவதற்கு முன்பே ஒருமுறை தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

மது விஷயம் இதைவிட எளிது. ப்ளம்ப் ஹெல்மெட் காளானை நிலத்தடி மண்ணில் நான்கு பருவத்திலும் பயிரிடலாம். ஒரு காளானைக் காய்ச்சினால் 5 பங்கு மதுவும் விதையும் கிடைக்கும். சமைத்தால் விதை போய்விடும். ஆகவே சமையலறைப் பட்டியலில் காளான், மது இரண்டையும் சமைக்கத் தடை போடுங்கள். காளான் குவிந்திருந்தும் மது காய்ச்சும் வேலை நடக்கவில்லையா? காலிப் பீப்பாய் இருக்காது. உணவு ஸ்டாக்பைல் (சேமிப்பிடம்) எல்லாப் பீப்பாய்களையும் விழுங்கியிருக்கும். அங்கே பீப்பாய் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

இனி உங்கள் வீரர்கள். ஸ்குவாடில் (படைக்குழுவில்) பெயர் சேர்ந்தால் மட்டும் ஒருவர் வீரர் ஆகிவிட மாட்டார். சீருடை ஒதுக்க வேண்டும், அந்தச் சீருடையில் உள்ள பொருள்கள் கோட்டையில் உண்மையாகவே இருக்க வேண்டும், பயிற்சிக்கூடம் ஒதுக்கி அட்டவணையைப் பயிற்சிக்கு மாற்ற வேண்டும். புதிய ஸ்குவாட் ஓய்வு நிலையில்தான் இருக்கும். முற்றுகை வந்த பிறகு கட்டளையிட்டால், அப்போதுதான் ஆயுதம் தேடி ஓடுவார்கள். உங்கள் ஆட்கள் வெறுங்கையோடு நின்றதற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு: சுரங்கம் வெட்டுபவர், மரம் வெட்டுபவர், வேட்டைக்காரர் மூவருக்கும் வேலைக்கென்றே தனிக் கருவி உண்டு. அது படைச் சீருடையோடு முட்டும். அவர்களைப் படையில் சேர்க்காதீர்கள். உலோகம் குறைவாக இருந்தால் முதலில் தலைக்கவசமும் ஆயுதமும் செய்யுங்கள்; கேடயத்தைத் தச்சுப் பட்டறையில் மரத்திலேயே செய்துகொள்ளலாம்.

படை தேறும்வரை, பாலத்துக்கு உள்ளே போகும் நடைபாதையில் கூண்டுப் பொறிகளை வரிசையாக வையுங்கள். ஒரு கூண்டு, ஒரு மெக்கானிசம், அவ்வளவுதான். சாதாரணக் கோப்ளின் எத்தனை கவசம் அணிந்திருந்தாலும் மாட்டிக்கொள்ளும்.

ஆட்கள் பெருகும் வேகத்தைத் தாங்க முடியவில்லை என்றால் அமைப்புகளில் மக்கள்தொகை வரம்பைக் குறைக்கலாம். முதல் இரண்டு குடியேற்ற அலைகள் மட்டும் வரம்பைப் பார்க்காமல் வரும்.

தோண்டும்போது பெருங்குகை திறந்துகொண்டால், அதன் வளங்களுக்கு ஆசைப்படாமல் அன்றைக்கே சுவர் எழுப்பி அடையுங்கள். அங்கிருந்து வரும் மிருகங்களுக்கு உங்கள் பாலம் குறுக்கே நிற்காது.