ராத்திரி ரெண்டு மணிச் சாப்பாடும் கல்லீரலும்

அன்புள்ள ஐயா,
ஓசூரில் இரவு ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். குடிப்பழக்கம் கிடையாது. ஆனாலும் ஸ்கேனில் ஃபேட்டி லிவர், அதாவது கல்லீரலில் கொழுப்பு என்று வந்திருக்கிறது. நேரங்கெட்ட நேரத்தில் சாப்பிடுவதால்தான் என்கிறார் அம்மா. டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னதோடு சரி. நேரத்துக்கும் கொழுப்புக்கும் நிஜமாகவே சம்பந்தம் உண்டா?
– ஆர்.

அன்புள்ள ஆர்.,

உண்டு. ஆனால் உங்களுக்கு அதுதான் காரணம் என்று நானோ அம்மாவோ அடித்துச் சொல்லிவிட முடியாது.

மூளையில் இருக்கும் தலைமைக் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்து நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். கல்லீரலுக்கும் சொந்தமாக ஒரு கடிகாரம் உண்டு, அது பார்ப்பது சாப்பாட்டை. ராத்திரியில் மேயும் சுண்டெலிகளுக்குப் பகலில் மட்டும் தீனி போட்டு 2000இல் ஜெனீவாவில் பார்த்தார்கள். கல்லீரல் கடிகாரம் தலைகீழாகிவிட்டது, மூளைக் கடிகாரம் அசையவே இல்லை. ஒரே உடம்புக்குள் ரெண்டு நேரம்! லீவு நாளில் மட்டும் வீட்டாரோடு பகலில் சாப்பிடுகிறவர் என்றால் உங்கள் கல்லீரலுக்கு இன்னும் குழப்பம்.

கல்லீரல் மாவுச்சத்திலிருந்து தானே கொழுப்பைத் தயாரிக்கும். ஓய்வு நேரத்தில் அந்தத் தயாரிப்பை அடக்கி வைப்பது ரெவ்-எர்ப் ஆல்ஃபா என்ற கடிகாரப் புரதம், எச்டாக்-3 என்ற நொதியைத் துணைக்கு வைத்துக்கொண்டு. இந்த ரெண்டில் ஒன்று இல்லாமல் போனாலும் எலிகளின் கல்லீரலில் கொழுப்பு படிவதை 2011இல் அமெரிக்க ஆய்வாளர் மிட்ச் லாசரின் குழு காட்டியது. ஓய்வு நேரத்தில் பரோட்டா உள்ளே போனால், கொழுப்பைத் தயாரி என்று இன்சுலின் சொல்லும், நிறுத்து என்று கடிகாரம் சொல்லும்.

அடுத்த வருடம் அமெரிக்காவில் ஆய்வு செய்யும் சச்சிதானந்த பாண்டாவின் குழு, எந்நேரமும் தின்ற எலிகளைவிட, கொழுப்பு மிகுந்த அதே தீனியை, அதே கலோரி அளவில், நாளுக்கு 8 மணி நேரத்துக்குள் மட்டும் தின்ற எலிகளுக்கு எடையும் கல்லீரல் கொழுப்பும் குறைவாக இருந்ததைக் கண்டது. இதை வைத்துத்தான் ‘நாளில் சில மணி நேரத்துக்குள் மட்டும் சாப்பிடு’ என்று யூடியூப்பில் இத்தனை ஆர்ப்பாட்டம். ஆனால் சீனாவின் குவாங்சோவில் பருமனான 139 பேரிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், கலோரியை எல்லோருக்கும் குறைத்த பிறகு, காலை 8 முதல் மாலை 4 வரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கு ஒரு வருடத்தில் குறிப்பிடும்படி கூடுதலாக எடை குறையவில்லை. அதனால் முதலில் அளவு, அப்புறம்தான் நேரம் என்பது என் கட்சி. டாக்டர் சொன்னது சரிதான்.

ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் வயிறாரச் சாப்பிடுங்கள், ரெண்டு மணிக்குப் பசித்தால் லேசாக ஏதாவது போதும், லீவு நாளிலும் முடிந்தவரை அதே நேரம். டாக்டரிடம் இரவு வேலை என்று சொன்னீர்களா? சொல்லவில்லை என்றால் சொல்லுங்கள், ரத்தத்தில் சர்க்கரையும் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பும் பார்க்க வேண்டுமா என்றும் கேட்டுவிடுங்கள்.