பழைய ஐஸ்லாந்து வரைபடம் லாவா வெளிகளில் மட்டும் ஏன் விலகுகிறது?

கேள்வி: டேனிஷ் ராணுவம் 1900களில் அளந்த 1:50,000 தாளைச் செயற்கைக்கோள் படத்தின்மேல் வைத்தால் சிகரங்கள் பொருந்துகின்றன, லாவா வெளி விலகுகிறது. ஏன்?

டேட்டம் (ஆயத்தொலைவுகளுக்கு அடிப்படையான புவி மாதிரி) தவறாக இருந்தால் தாள் முழுவதும் ஒரே பக்கமாக நகரும். இந்தத் தாளுக்கு அது ரெய்க்யவிக் 1900 (லம்பர்ட் வீழல், மென்பொருளில் ஈபிஎஸ்ஜி குறியீடு 3052). உங்களுடையது அதுவல்ல.

சிகரங்கள் தியோடலைட்டால் (கோணம் அளக்கும் கருவி) முக்கோண அளவையில் பிடிக்கப்பட்டவை. இடைப்பட்ட விவரங்களைத் தளமேசையில்தான் (முக்காலிமேல் வைத்த வரைபலகை) வரைந்தார்கள். அதைத் திசைகாட்டி முள்ளால் திசைக்குத் திருப்பலாம். ஆனால் லாவா உறைந்த பசால்ட் பாறையில் மேக்னடைட் என்ற காந்தக் கனிமம் உண்டு. பாறை குளிர்ந்தபோது பதிந்த காந்தம் திசைகாட்டி முள்ளை இடத்துக்கு இடம் இழுக்கும். மேசை 2° திரும்பினால் 2 கி.மீ. தூரத்தில் 70 மீட்டர், தாளில் 1.4 மி.மீ. பிழை. எனவே முள்ளை நம்பாமல், மூன்று சிகரங்களை நோக்கி மேசையைத் திருப்ப வேண்டும். லாவாப் பள்ளத்திலோ மூடுபனியிலோ சிகரம் தெரியாது. தெரிந்தாலும், மூன்று சிகரங்கள் வழியாகச் செல்லும் வட்டத்தின் மேலேயே நீங்கள் நின்றால், நிற்கும் இடத்துக்கு ஒரே விடை கிடைக்காது. அதனால் லாவாவின் விளிம்பை ஓரளவு நம்பலாம். உட்பகுதி பெரும்பாலும் கண்ணளவுதான்.

உயரங்களிலும் கவனம் தேவை. தொலைவிலிருந்து கோணத்தால் உயரம் அளக்கும்போது புவி வளைவுக்கும் ஒளிவிலகலுக்குமான திருத்தம் 0.067 × (கி.மீ.யில் தூரம்)² மீட்டர், 20 கி.மீ.க்கு 27 மீட்டர், அதாவது 20 மீட்டர் சமஉயரக் கோட்டு இடைவெளியைவிட அதிகம். வெயிலில் சுட்ட கரிய மணல்மேல் ஒளி வேறுவிதமாக வளையும், அட்டவணைத் திருத்தம் அங்கே உதவாது. பயணிகள் அனிராய்டால் (காற்றழுத்தமானி) அளந்த உயரங்கள் இன்னும் மோசம்: 1 ஹெக்டோபாஸ்கலுக்குச் சுமார் 8 மீட்டர், ஒரு புயல் கடந்தாலே நூறு மீட்டருக்கு மேல் தப்பும்.

தாளைச் செயற்கைக்கோள் படத்தோடு பொருத்தும்போது முக்கோணச் சிகரங்களையும் பழைய தேவாலயங்களையும் எட்டுப் புள்ளிகளாவது எடுங்கள். பனியாற்று விளிம்பு, மணல்வெளி ஆறுகள், தென் கடற்கரை வேண்டாம். 1918இல் கட்லா எரிமலை வெடித்து வந்த வெள்ளம் கொட்டிய மணல் கடற்கரையையே கடலுக்குள் தள்ளிவிட்டது. அஃபைன் மாற்றம் (தாள் முழுவதையும் ஒரே விதமாக நகர்த்தி, திருப்பி, நீட்டுவது) போதும், காகிதம் இரு திசையிலும் வெவ்வேறாகச் சுருங்கியதையும் அதுவே சரிசெய்யும். ஒவ்வொரு புள்ளியையும் வளைத்துப் பொருத்தும் தின் பிளேட் ஸ்ப்லைன் போடவே போடாதீர்கள். அது தாளை ரப்பராக இழுத்து, நிலம் உண்மையில் மாறியதையும் அளவைப் பிழையாக்கி மறைத்துவிடும். அஸ்க்யா எரிமலையில் 1875 வெடிப்புக்குப் பின் தரை இறங்கி ஏரி வளர்ந்தது. 1876இல் காரோக் என்பவர் வரைந்த வரைபடத்தில் அந்த ஏரி சிறியது, இன்று சுமார் 11 ச.கி.மீ. அந்த வித்தியாசம்தான் நமக்கு வேண்டிய தரவு.